மெழுகு மூடியும் முப்பத்தெட்டு சதவீதமும்

ரீடிங் சமைப்பது என்று ஒரு கலை உண்டு. பௌதிகம் படித்தவர்களுக்கு அதைச் சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். சோதனைக்கூடத்தில் எதையோ அளக்கச் சொல்வார்கள். விடை என்ன வரவேண்டும் என்பது புத்தகத்தில் ஏற்கெனவே அச்சாகி இருக்கும். அப்புறம் எதற்கு மெனக்கெடுவது? விடையிலிருந்து பின்பக்கமாக நடந்து வந்து, அதற்குத் தோதான எண்களைக் கட்டங்களில் நிரப்பி, நம்புகிற மாதிரி ஒன்றிரண்டை மட்டும் கொஞ்சம் பிசகவிட்டு, ரெக்கார்டு நோட்டில் முத்து முத்தாக எழுதிவிடலாம். மதுரையில் பி.எஸ்ஸி. படித்த மூன்று வருடமும் நான் அதைத்தான் செய்தேன். நன்றாகவே சமைப்பேன். பிராக்டிகலில் வகுப்பிலேயே எனக்குத்தான் முதல் மார்க்கு.

அதனால் போர்ட் பிளேர் காலேஜில் டெமான்ஸ்ட்ரேட்டராகச் சேர்ந்த முதல் நாளே பிள்ளைகளிடம் கறாராகச் சொல்லிவிட்டேன். "சமையலெல்லாம் வீட்டோட வச்சுக்கங்க. இங்க எவளாச்சும் எவனாச்சும் ரீடிங் சமைச்சீங்க, நோட்டைக் கிழிச்சுக் கடல்ல போட்ருவேன். எனக்குத் தெரியாதுன்னு மட்டும் நினைச்சிராதீங்க." பாம்பின் கால் பாம்பறியும் என்பதை அவர்களிடம் சொல்லவில்லை. தமிழ்ப் பிள்ளைகள் சிரித்தார்கள். வங்காளி, தெலுங்கு, மலையாளப் பிள்ளைகளுக்கு அதையே என் ஓட்டை ஹிந்தியில் இன்னொரு தடவை சொன்னேன். அவர்கள் இன்னும் அதிகமாகச் சிரித்தார்கள்.

அறுபதுகளின் கடைசி அது. என் வீட்டுக்காரர் துறைமுகத்தில் குமாஸ்தா. கல்யாணமான கையோடு அவர் பின்னால் கப்பலேறி, நாலு நாள் வாந்தி எடுத்து வந்து சேர்ந்தவள் நான். காலேஜ் என்றதும் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். மரக்கட்டிடம், தகரக் கூரை, பி.யூ.சி. என்கிற புகுமுக வகுப்பு மட்டும். பௌதிகத் துறையில் இரண்டே பேர். துறைத்தலைவர் ஒருவர், நான் ஒருத்தி. மழை வந்தால் தகரச் சத்தத்தில் பாடம் நின்றுவிடும். மழையோ வருடத்தில் பாதிக்கு மேல். லென்ஸில் பூஞ்சை பிடிக்கும், எடைக்கல்லில் பச்சைக் களிம்பு ஏறும், திருகாணியைத் தொட்டால் கையில் துரு வரும். அந்த ஊரில் பட்டுப்புடவையும் சர்டிபிகேட்டும் இருக்கிற அலமாரிக்குள் ஒரு சின்ன பல்பை எந்நேரமும் எரியவிடுவோம். இல்லாவிட்டால் பத்தே நாளில் பூசணம் பூத்துவிடும். லேபிலும் அப்படி ஓர் அலமாரியை வைத்து, முக்கியமான கருவிகளை அதற்குள் பூட்டிக் காப்பாற்றினேன்.

துறைத்தலைவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். கும்பகோணம் பக்கத்துக்காரர், கல்யாணம் செய்துகொள்ளாதவர். கணக்கில் புலி. கரும்பலகையில் அவர் ஒரு சமன்பாட்டை எழுதத் தொடங்கினால் சுண்ணாம்புக்கட்டி தேயத் தேய வந்துகொண்டே இருக்கும், ஒரு குறி தப்பாது. தனியாக உட்கார்ந்து ஆராய்ச்சிக் கட்டுரைகள் எழுதிக் கடலுக்கு அக்கரையில் மெயின்லேண்டுக்கு அனுப்புவார். பதில் வர ஐந்தாறு மாதம் ஆகும். ஒரு பத்திரிகை ஆசிரியர், அந்த ஊரில் ஜெயில்தானே இருக்கிறது, நீங்கள் எங்கிருந்து எழுதுகிறீர்கள் என்று கேட்டே எழுதிவிட்டார். சார் அந்தக் கடிதத்தை ஸ்டாஃப் ரூமில் எல்லோருக்கும் காட்டிச் சிரித்தார். அதற்கப்புறம் ரெண்டு நாள் யாரோடும் பேசவில்லை.

அப்பேர்ப்பட்ட மனிதர் லேப் பக்கமே தலைவைத்துப் படுக்க மாட்டார். இது அவர் ஒருவரின் குணமல்ல. எங்கள் படிப்பிலேயே அப்படி ஒரு மேல்சாதி, கீழ்சாதி உண்டு. தியரிக்காரர் கையை அழுக்காக்கிக்கொள்ளாமல் யோசிப்பவர். பிராக்டிகல்காரர் குழாய் ரிப்பேர் செய்கிறவருக்குச் சமம். ஸ்டாஃப் ரூமில் அவருக்குக் கைவைத்த நாற்காலி, எனக்கு லேபில் முக்காலி. குரூப் போட்டோவில் அவர் நடுவில் உட்காருவார், நான் பின்வரிசையில் நிற்பேன். "தியரி சரியா இருந்தா ரீடிங் தானா வரும்மா. வரலன்னா நம்ம கைல தப்பு" என்பார். எனக்குச் சுள்ளென்று ஏறும். "அப்ப ஒருநாள் வந்து நீங்களே எடுத்துக் காட்டுங்க சார்" என்பேன். அவர் கடிகாரத்தைப் பார்ப்பார்.

எங்கள் இரண்டு பேருக்கும் பெரிய சண்டை எலக்ட்ராஸ்கோப்பால் வந்தது. எளிமையான கருவிதான் அது. ஒரு கண்ணாடிச் சீசா. அதன் மூடியின் நடுவே ஒரு பித்தளைக் கம்பி உள்ளே இறங்கும். கம்பியின் அடிநுனியில் மெல்லிசான இரண்டு தங்க இலைகள் ஒட்டித் தொங்கும். கம்பளியில் தேய்த்த கோலைக் கம்பியின் தலையில் தொட்டால் மின்சாரம் இறங்கி, இலைகள் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு விரியும். மெயின்லேண்டில் விரித்து வைத்துவிட்டுக் காபி குடித்துவிட்டு வந்து பார்த்தாலும் விரிந்தபடியே நிற்கும். போர்ட் பிளேரிலோ, விரிந்தது என்று சொல்லி வாய் மூடுவதற்குள் சுருங்கிவிடும். பாதி நாள் விரியவே விரியாது.

சமைக்கக் கூடாது என்று சொன்னது நான். இப்போது என்ன செய்வது? "என்ன பாத்தீங்களோ அதை எழுதுங்க" என்றேன். பதினோரு பிள்ளைகளும் ரஃப் நோட்டில் எழுதினார்கள். 'இன்று மழை. இலை விரியவில்லை.' 'இன்று மேகம். மூன்று விநாடி நின்றது.' வாரத்துக்கு இரண்டு முறை வருடம் முழுக்க இதே கதை. பக்கத்திலேயே ஈரமானியைப் பார்த்து, காற்றில் ஈரம் எத்தனை சதவீதம் என்பதையும் குறித்தார்கள். பார்த்தால் தோல்வி நோட்டு மாதிரிதான் இருக்கும். எனக்கு அது பிடித்திருந்தது.

அந்தப் பதினோரு பேரில் ஒருத்தி துறைமுகத்துக்கு எதிர்க்கரையில் இருக்கிற பாம்பூஃப்ளாட்டிலிருந்து தினமும் ஃபெர்ரியில் வருகிறவள். தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வந்து குடியேறிய மீன்பிடிக் குடும்பம், வேதக்காரர்கள், அதாவது கிறிஸ்தவர்கள். ஒல்லிக்குச்சி மாதிரி இருப்பாள், எதற்கும் பயப்பட மாட்டாள். ஒருநாள் சீசாவையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தவள் கேட்டாள்: "மிஸ், காத்துல ஈரம், அதனால மின்சாரம் காத்து வழியா ஓடிருதுன்னு சார் சொல்லுதாவ. எனக்கு அப்படித் தோணல. அது மூடி வழியாத்தான் ஓடுது."

"எப்படிச் சொல்றே?"

"மூடியத் தொட்டுப் பாருங்க. வேர்த்துக் கெடக்கு."

தொட்டுப் பார்த்தேன். கம்பியைச் சுற்றியிருந்த எபனைட் மூடியின், அந்தக் கறுப்புக் கெட்டி ரப்பரின் மேல் மெல்லிசாக ஈரம் பிசுபிசுத்தது. அட, இத்தனை நாள் இது ஏன் என் புத்திக்கு எட்டவில்லை? அவள் அதோடு விடவில்லை. "எங்கப்பா கடலுக்குப் போகும்போ தீக்குச்சிய உருக்கின மெழுகுல முக்கித்தான் கொண்டு போவாவ. மெழுகுல தண்ணி ஒட்டாது மிஸ். மூடிய மெழுகுலயே செஞ்சா என்ன?"

மறுவாரம் மாதா கோவிலில் எரிந்து மிஞ்சிய மெழுகுத் துண்டுகளை ஒரு டப்பா நிறையக் கொண்டுவந்தாள். ஃபாதரிடம் கேட்டுத்தான் எடுத்தாளாம், அதையும் சொன்னாள். உருக்கி, சீசாவின் வாய்க்கு அளவாக வார்த்து, நடுவில் கம்பியைப் பொருத்தினோம். பல்பு அலமாரிக்குள் இருந்து சூடாக எடுத்த கோலைத் தேய்த்துத் தொட்டோம். வெளியே அடைமழை. இலைகள் விரிந்தன. ஒரு நிமிடம். இரண்டு நிமிடம். எட்டாவது நிமிடத்தில் கூட்டமாகக் கத்திவிட்டோம். பக்கத்து அறையில் கெமிஸ்ட்ரி வாத்தியார் தீ விபத்து என்று நினைத்து வாளியோடு ஓடிவந்தார்.

சாரிடம் போய்ச் சொன்னேன். அவர் எழுதிக்கொண்டிருந்த தாளிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"ஈரக்காற்றால் கசியும்னுதான் எல்லா டெக்ஸ்ட்லயும் இருக்கும்மா."

"டெக்ஸ்ட் எழுதினவரு போர்ட் பிளேருக்கு வந்திருக்காரா சார்? நீங்க பத்தடி நடந்து வந்து பாருங்க."

"அப்புறம் பாக்கலாம்."

அந்த அப்புறம் வரவே இல்லை. அன்றைக்கு எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. வீட்டில் போய்ப் பாத்திரத்தை உருட்டினேன். "காலேஜ் சண்டைய எதுக்கு ரசச் சட்டிகிட்ட காட்டுற?" என்றார் என் வீட்டுக்காரர்.

இப்படி இருக்கும்போதுதான் பி.எஸ்ஸி. விஷயம் வந்தது. எங்கள் காலேஜில் பௌதிகப் பட்டப்படிப்பு தொடங்கலாமா என்று பார்த்து முடிவு சொல்ல, மெயின்லேண்ட் பல்கலைக்கழகம் ஜூன் மாதம் ஒரு பேராசிரியரை அனுப்புவதாகக் கடிதம் வந்தது. அவர் சரி என்றால் அந்த வருடமே வகுப்பு. இல்லையென்றால் பிள்ளைகள் கப்பலேறி மெயின்லேண்டுக்குப் போக வேண்டும். பையன்கள் எப்படியாவது போய்விடுவார்கள். பெண்களை யார் அனுப்புவார்கள்?

பாம்பூஃப்ளாட்டுப் பெண்ணின் அப்பா என்னைப் படகுத்துறையில் பார்த்துச் சொல்லியே விட்டார். "எம்மவ படிக்கட்டும் டீச்சர், நான் வேண்டாங்கல. ஆனா கப்பல்ல தனியா ஏத்தி விடமாட்டேன். நானே கடல்ல கெடக்கவன், எனக்குத் தெரியாதா? இங்கன பி.எஸ்ஸி. வந்தா மூணு வருசம் படிக்கட்டும். வரலன்னா ஊர்ல ஒரு மாப்பிள பாத்திருக்கு. இந்த வருசமே கட்டி வச்சிருவேன்." அவள் பக்கத்தில்தான் நின்றாள். ஃபெர்ரி வருகிற திசையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பேராசிரியர் வர மூன்று வாரம் இருக்கும்போது சார் முதல்முறையாகப் பிள்ளைகளின் ரஃப் நோட்டுகளைக் கேட்டு வாங்கிப் பார்த்தார். "என்னம்மா இது? விரியவில்லை, விரியவில்லைன்னு நாற்பது பக்கம்! இதைக் காட்டினா கோர்ஸ் கிடைக்குமா? லேபே வேலை செய்யலன்னு எழுதிட்டுப் போயிடுவார்." அவருடைய உறவினர் மெயின்லேண்டில் ஒரு காலேஜில் இருந்தார். தந்தியடித்து, அங்கிருந்து நல்ல ரெக்கார்டு நோட்டு ஒன்றைக் கப்பலில் வரவழைத்தார். பதினோரு பிள்ளைகளையும் தன் வீட்டில் உட்கார வைத்து, அதைப் பார்த்துப் புதிய நோட்டுகளில் எழுத வைத்தார். பிறகு அடுக்கி என் மேஜைக்குக் கொண்டுவந்தார். ரெக்கார்டில் டெமான்ஸ்ட்ரேட்டர் கையெழுத்து வேண்டும்.

"மாட்டேன் சார்" என்றேன்.

அவர் சத்தம் போடவில்லை. "அந்தப் பாம்பூஃப்ளாட்டுக் குழந்தையை நினைச்சுக்கோங்கம்மா. உங்க கொள்கை பெரிசா, அவ படிப்பு பெரிசா?" என்றார்.

நான் பேனாவைத் திறந்தேன். ஒரு நோட்டைக்கூடப் பிரித்துப் படிக்காமல், பக்கத்தின் அடியை மட்டும் புரட்டிப் புரட்டிக் கையெழுத்துப் போட்டேன். கடல்ல போட்ருவேன் என்று வாய்கிழியப் பேசியவள் நான். அன்றைக்குப் பிள்ளைகளின் முகத்தை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. இன்றைக்கும் அதை எழுதக் கூச்சமாகத்தான் இருக்கிறது.

பேராசிரியர் வந்தார். வடக்கத்திக்காரர், தியரியில் பேர் பெற்றவர். கப்பல் ஆட்டத்தில் பாதி உயிர் போய், இரண்டு நாள் மழையில் நனைந்து, விருந்தினர் விடுதியில் கழற்றிப் போட்ட ஷூ மறுநாளே வெள்ளையாகப் பூத்திருந்ததை எரிச்சலோடு எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். சாரும் அவரும் ஒரு மணி நேரம் கரும்பலகையைப் பங்கு போட்டுக்கொண்டு பேசினார்கள். ஒருவர் விட்ட இடத்தில் இன்னொருவர் எழுதினார். சார் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை நான் பார்த்ததில்லை. அவர் பாஷை பேசுகிற ஆள் ஒருவர் பல வருடம் கழித்து வந்திருக்கிறார். எனக்கே அவரைப் பார்க்கப் பாவமாகவும் சந்தோஷமாகவும் இருந்தது. என்னைப் பேராசிரியர் கண்டுகொள்ளவில்லை. துடைக்க வந்தவள் என்று நினைத்திருக்கலாம்.

அப்புறம் லேபுக்கு வந்தார்கள். பிள்ளைகள் நோட்டோடு வரிசையாக நின்றார்கள். பேராசிரியர் பாம்பூஃப்ளாட்டுப் பெண்ணின் நோட்டைத்தான் வாங்கினார். புரட்டினார். ஒரு பக்கத்தில் நின்றார். கைக்குட்டையை எடுத்துக் கழுத்து வியர்வையைத் துடைத்தார். மறுபடி படித்தார். அடுத்த பையனின் நோட்டை வாங்கி அதே பக்கத்தைப் பார்த்தார். அப்படியே பதினோரு நோட்டையும்.

அவர் பேசியது ஆங்கிலம். தமிழில் எழுதுகிறேன். "போன ஜூலையில் இந்த அறையில் காற்றின் ஈரம் முப்பத்தெட்டு சதவீதம். பதினோரு பேருக்கும் முப்பத்தெட்டு. என் ஷூவில் காளான் முளைக்கிற ஊரில்!"

மெயின்லேண்டுக் காலேஜின் வெயில்கால ரீடிங்கை, தேதியை மட்டும் மாற்றி, அப்படியே எழுதியிருக்கிறார்கள். சாருக்கு அது உறைக்கவில்லை. முப்பத்தெட்டு என்பது அவருக்கு ஓர் எண், அவ்வளவுதான். அந்த எண் எத்தனை வறண்டது என்று அவர் தோலுக்குத் தெரியாது. நான் ஒரு முறை பிரித்துப் பார்த்திருந்தால் அந்த நிமிடமே பிடித்திருப்பேன். நான்தான் பிரிக்கவில்லையே.

"நீ அளந்தாயா?" என்று அந்தப் பெண்ணைக் கேட்டார்.

"இல்ல சார்" என்றாள், தெரிந்த ஆங்கிலத்தில். "வேற நோட்டப் பாத்து எழுதச் சொன்னாங்க, எழுதினேன். மிஸ் கையெழுத்துப் போட்டாங்க."

கோபமாகச் சொல்லவில்லை. கேட்டதற்கு நடந்ததைச் சொன்னாள், அவ்வளவுதான். பளார் என்று அறைந்திருந்தால்கூட எனக்கு அப்படி வலித்திருக்காது. பேராசிரியர் ஃபைலை மூடிவிட்டார். "இந்தக் காலேஜில் இன்னும் எதெல்லாம் காப்பி?" என்று பொதுவாகக் கேட்டுவிட்டு வாசல் பக்கம் திரும்பினார். போச்சு, எல்லாம் போச்சு என்று நினைத்தேன். அந்தப் பெண் என்னைப் பார்க்கவே இல்லை.

அப்போது சார் முன்னால் வந்தார். "எழுதச் சொன்னது நான். இந்த அம்மா மாட்டேன் என்றார், வற்புறுத்திக் கையெழுத்து வாங்கினேன். பிள்ளைகள் மேல் தப்பில்லை. தண்டனை எனக்குக் கொடுங்கள், கோர்ஸைக் கொடுத்துவிடுங்கள்." அத்தனை வருடம் யார் மதிக்க வேண்டும் என்று ஏங்கினாரோ, அப்படிப்பட்ட ஒருவர் முன்னால் தன் மானத்தைக் கழற்றி வைத்தார். அவரோடு எத்தனையோ சண்டை போட்டிருக்கிறேன். அந்த ஒரு நிமிடத்துக்காக இன்றைக்கும் அவரைக் கையெடுத்துக் கும்பிடுவேன்.

எனக்கும் ரோஷம் வந்துவிட்டது. பல்பு அலமாரியைத் திறந்தேன். ரஃப் நோட்டுகளை அள்ளி மேஜையில் தொப்பென்று போட்டேன். "இதுதான் எங்க ரெக்கார்டு. ஒரு எழுத்து காப்பி கிடையாது. முழுசாப் படிச்சிட்டு எந்தத் தீர்ப்பு வேணும்னாலும் சொல்லுங்க" என்றேன். ஆங்கிலமும் ஹிந்தியும் தமிழும் கலந்து என்னென்னவோ வந்தது. அவருக்குப் புரிந்துவிட்டது.

முதலில் நின்றபடி புரட்டினார். பிறகு என் முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். மழை தகரத்தில் கொட்டிக்கொண்டிருந்தது. விரியவில்லை. இரண்டு விநாடி. விரியவில்லை. ஐந்து விநாடி. பக்கத்திலேயே ஈரம் தொண்ணூறு, தொண்ணூற்றிரண்டு, எண்பத்தெட்டு. ஓரிடத்தில் அவர் விரல் நின்றது. 'மூடி மெழுகில் செய்தோம். மழை. ஈரம் தொண்ணூற்றொன்று. எட்டு நிமிடம் நின்றது.'

"இது நடக்காது" என்றார்.

"நடக்கும்" என்றாள் அவள்.

"செய்."

அவள் எலக்ட்ராஸ்கோப்பை எடுத்து வைத்தாள். அலமாரியிலிருந்து கோலையும் கம்பளியையும் எடுத்தாள். பேராசிரியர் எழுந்து, சாரல் வருகிறது என்று ஜன்னலைச் சாத்தப் போனார். "சார், அது தொறந்தே இருக்கட்டும்" என்றாள். "அடைச்சா காத்து காஞ்சிருச்சு, அதான் நின்னுதுன்னு சொல்லுவீங்க." நான் அதை ஆங்கிலத்தில் சொன்னேன். அவர் கையை எடுத்துக்கொண்டார்.

தேய்த்துத் தொட்டாள். இலைகள் விரிந்தன. பேராசிரியர் தன் கைக்கடிகாரத்தைக் கழற்றி மேஜையில் வைத்தார். நாலு நிமிடம் ஆனதும், அருகில் பழைய எபனைட் மூடி போட்ட இன்னொரு சீசாவைக் கொண்டுவரச் சொல்லி அதையும் தொடச் சொன்னார். அதே அறை, அதே காற்று, அதே ஈரம். அந்த இலைகள் உடனே விழுந்தன. மெழுகு மூடிச் சீசாவின் இலைகள் விரிந்தபடியே நின்றன.

சார் மெல்ல மேஜைக்கு வந்து குனிந்தார். ஆறு வருடத்தில் முதல் முறை. எபனைட் மூடியை விரலால் தொட்டார், விரல்நுனியைப் பார்த்தார். "நான் ஆறு வருடமாகத் தப்பாகச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன்" என்று பேராசிரியரிடமே சொன்னார். "காற்று இல்லை. மேற்பரப்பில் படிகிற நீர்ப்படலம். அது கடத்துகிறது." உடனே சுண்ணாம்புக்கட்டியைத் தேடினார். லேபில் கரும்பலகை இல்லை. மேஜை மேலேயே எழுதத் தொடங்கிவிட்டார். பேராசிரியரும் குனிந்தார். துடைக்கப் போகிறவள் நான்தானே என்று நினைத்தேன், கோபம் வரவில்லை.

போகும்போது பேராசிரியர் ஒன்றும் சொல்லவில்லை. அந்தப் பெண்ணிடம் மட்டும், மெழுகு எந்தக் கடையில் வாங்கியது என்று கேட்டார். "சர்ச்சுல" என்றாள். தலையாட்டிக்கொண்டு ஜீப்பில் ஏறினார்.

அப்புறம் ஐந்து வாரம். கப்பல் வந்தது, கடிதம் வரவில்லை. அடுத்த கப்பல் கடல் கொந்தளிப்பில் தாமதம். அவள் அப்பா ஊருக்குத் தபால் எழுதிவிட்டார் என்று கேள்விப்பட்டேன். எனக்குச் சோறு இறங்கவில்லை. "நீ என்ன பண்ணுவே, விடு" என்றார் வீட்டுக்காரர். அவர் கேட்காமலே தினமும் துறைமுகத்திலிருந்து கப்பல் எங்கே வருகிறது என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

ஒரு முற்பகலில் சார் லேபுக்குள் ஓடி வந்தார். ஓடி வந்தார் என்றுதான் சொல்ல வேண்டும், வேட்டி நுனி கையில் இருந்தது. கடிதத்தை என்னிடம் நீட்டினார். பட்டப்படிப்புக்கு அனுமதி. கூடவே ஒரு நிபந்தனை: சுத்தமாக எழுதிய ரெக்கார்டுகளை ரத்து செய்துவிட்டு, ரஃப் நோட்டுகளையே அந்த வருடத்து ரெக்கார்டாக வைக்க வேண்டும். "நம்ம தோல்வி நோட்டு, அதுதான் அதிகாரப்பூர்வம்மா" என்று சொல்லி அந்தப் பெரிய மனிதர் அழுதார். நான் அழுதேனா என்று கேட்காதீர்கள்.

அடுத்த ஃபெர்ரியைப் பிடித்துப் பாம்பூஃப்ளாட்டுக்குப் போனேன். கரையில் அப்பாவும் மகளும் வலையை உதறிக்கொண்டிருந்தார்கள். மூச்சு வாங்க விஷயத்தைச் சொன்னேன். கப்பலேற வேண்டாம், இங்கேயே மூன்று வருடம் என்றேன். அவர் வலையைக் கீழே வைத்துவிட்டு மகளைப் பார்த்தார். "பொறவென்ன? படி" என்றார். "மாப்பிள வீட்டுக்கு நான் எழுதிக்கிடுதேன்."

அவள் குதிப்பாள், என்னைக் கட்டிக்கொள்வாள் என்று எதிர்பார்த்தேன். அவள் ஈரக்கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு என் எதிரில் வந்து நின்றாள்.

"மிஸ், இனிமே சார் சொன்னாலும் நீங்க சொன்னாலும் நான் பாக்காதத எழுத மாட்டேன். சரியா?"

படிப்பே போய்விடுமோ என்றிருந்த பிள்ளை, கிடைத்த நிமிடத்தில் எனக்கு நிபந்தனை போடுகிறது! சுருக்கென்று தைத்தது. தைத்த இடத்திலேயே பெருமை பொங்கியது. அவள் அப்பா பார்க்க, "சத்தியமா எழுதச் சொல்ல மாட்டேன்டி" என்றேன்.

"அப்போ சேருதேன்" என்றாள்.